சந்தைக்குப் போகிறவர்கள்

அம்ரிதா ஷேர்-கில் 1937இல் சிம்லாவில் தீட்டிய 'சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தார்' என்ற தைலவர்ண ஓவியத்தைப் பற்றிக் கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு எழுத ஒரு காரணம் இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருகிறவர்களை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடுக்காயும் புளியும் தேனும் தலைச்சுமையாக வந்த காலம் போய், இப்போது மரவள்ளிக்கிழங்கு லாரியில் வருகிறது. ஆட்கள் பஸ்ஸில் வருகிறார்கள். பார்த்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அப்படிப் பார்த்தது நம் எழுத்திலோ ஓவியத்திலோ எந்த உருவமாக மிஞ்சியிருக்கிறது என்று யோசிக்கும்போதுதான் சங்கடம் ஆரம்பிக்கிறது. சந்தைக்குப் போகும் நம்மூர்க் கறுத்த மனிதர்களை ஒரு நவீன ஓவியத்தின் முழுமுதற் பொருளாக நிறுத்தியவர் புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் படித்து, சிம்லாவில் வசித்த ஓர் இளம்பெண். அப்போது அவருக்கு வயது 24. இங்கே சில வாரங்கள் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனவர். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அவருடைய பின்புலத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அம்ரிதா பிறந்தது 1913 ஜனவரி 30. தந்தை உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீதியா வம்சத்துச் சீக்கியப் பிரபு. சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். புகைப்படக் கலையில் ஈடுபாடு மிக்கவர். மகளையும் மனைவியையும் தன்னையுமே அவர் எடுத்த புகைப்படங்கள் இன்று தனிக் கவனம் பெறுகின்றன. தாய் மரி அந்துவானெத் ஹங்கேரியர், ஆப்பரா பாடகி. முதல் உலகப்போர்க் காலத்தை ஹங்கேரியில் கழித்த குடும்பம் 1921இல் சிம்லாவுக்கு வந்தது. தாய்மாமன் எர்வின் பக்தாய் இந்தியவியல் அறிஞர், ஓவியமும் பயின்றவர். மாடலைக் கண்ணெதிரே உட்காரவைத்து வரையச் சொல்லி மருமகளைத் தூண்டியவர் அவர். உட்கார்ந்தவர்கள் வீட்டு வேலைக்காரர்கள். இந்த ஒரு விவரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பிறகு தேவைப்படும்.

1929இல், 16 வயதில், பாரிஸ். அங்கே எக்கோல் தெ பொஸார் கலைப்பள்ளியில் லூசியன் சிமோனிடம் பயிற்சி. 1932இல் தீட்டிய 'இளம்பெண்கள்' ஓவியம் பாரிஸின் கிராண்ட் சலோனில் பாராட்டுப் பெற்று, அடுத்த ஆண்டு அவருக்கு அந்த அமைப்பின் இணை உறுப்பினர் தகுதியை வாங்கித்தந்தது. அங்கேயே இருந்து சௌகரியமாகப் பெயர் வாங்கியிருக்கலாம். 1934 இறுதியில் இந்தியா திரும்பினார். அதே வருஷம் பாரிஸில் தன்னையே டஹிட்டித் தீவுப் பெண்ணாகக் கற்பித்து ஒரு சுயசித்திரம் வரைந்திருந்தார். கோகான் ஐரோப்பாவிலிருந்து டஹிட்டிக்குப் போய்ப் பெண்களை வரைந்தார். இவரோ அந்தப் பெண்களின் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்க்கிறார். பார்க்கிறவளும் பார்க்கப்படுகிறவளும் தானே என்ற இந்த இரட்டைப் பிரக்ஞை அவரை விட்டு நீங்கவேயில்லை.

திரும்பி வந்ததும் 1935இல் 'மூன்று பெண்கள்', 'மலைவாசி ஆண்கள்', 'மலைப்பெண்கள்' ஆகியவற்றை வரைந்தார். மலை என்பது சிம்லா மலை. 1936 இறுதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பம்பாயில் கார்ல் கண்டாலவாலாவின் நட்பு கிடைத்தது. அஜந்தாவையும் எல்லோராவையும் பார்த்தார். ஹைதராபாத் வழியாகத் திருவனந்தபுரம், கொச்சி, கன்னியாகுமரி. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன்னால் உட்கார்ந்து அவற்றைப் பிரதி செய்தார். 1937இல் சிம்லாவில் மூன்று பெரிய ஓவியங்களை அடுத்தடுத்து முடித்தார்: 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மசாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்திய கிராமத்தார்'. முதல் இரண்டும் இன்று டில்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் இருக்கின்றன.

சந்தை ஓவியத்தில் சந்தை இல்லை. சாலை என்று சொல்லக்கூடிய ஒன்றும் இல்லை. சுட்ட மண்ணின் நிறத்தில் ஒரு பின்னணி. அதன்முன் நெருங்கி நிற்கும் உடல்கள். வெள்ளைத் துணியும் மங்கிய வண்ணத் துணியும் அந்தக் கறுப்பைச் சுற்றி நிற்கின்றன. நிழலும் ஒளியுமாகப் பிரித்து, உடலை உருண்டையாகக் காட்டும் கலாசாலை வித்தையை அவர் கைவிட்டிருக்கிறார். அஜந்தாவிலிருந்து பெற்றது இது: உருவத்தின் வெளிக்கோடே உடலின் கனத்தைத் தாங்கிக்கொள்கிறது. கறுப்பு இங்கே ஒளி குறைவதால் உண்டாகும் இருட்டாக இல்லை. தன்னளவில் ஒரு வர்ணமாகவே இருக்கிறது. பக்கத்திலுள்ள வெள்ளையை இன்னும் வெள்ளையாக்குகிறது. நம் கண்ணுக்குப் பழக்கமான இந்தத் தோலின் நிறத்தைக் குறையென்றோ விசேஷமென்றோ கருதாமல், பழுப்பு, கருநீலம், செம்மண் என்று அதற்குள்ளேயே பேதங்கள் கண்டு தீட்டியிருக்கிறார். 'பிரம்மசாரிகள்' ஓவியத்திலும் வெற்றுடம்போடு உட்கார்ந்திருக்கும் ஐந்து இளைஞர்களின் தோல்நிறங்களும் ஒன்றுக்கொன்று வேறு. ஓவியமே அந்த வேறுபாட்டில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இதன் அருமை புரிய, அதற்கு முன் இந்த உடல் எப்படிப் பார்க்கப்பட்டது என்று கொஞ்சம் பின்னே போக வேண்டும். ரவி வர்மா 1889இல் வரைந்த 'இசைக்கலைஞர் கூட்டம்' இந்தியாவின் பல பிராந்தியப் பெண்களை ஒரே கான்வாஸில் உட்காரவைத்தது. உடையும் நகையும் பிராந்தியத்தைச் சொல்லின. தோல், பெரும்பாலும் ஓவியன் விரும்பிய பொதுநிறத்திலேயே இருந்தது. 1894இல் அவர் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வந்த ஒலியோகிராப்புகளும், பின்னால் வந்த காலண்டர்களும் அந்த நிறத்தையே நம் வீட்டுச் சுவர்களில் தெய்வத்தின் நிறமாக ஸ்தாபித்தன. இது ஒரு பார்வை.

இன்னொரு பார்வை விஞ்ஞானத்தின் பெயரால் வந்தது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்ற நூலை ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். கல்வராயன் மலைக்காரர்களும் அதில் உண்டு, 'மலையாளிகள்' என்ற தலைப்பில். கேரளத்தோடு சம்பந்தமில்லாத மலையாளிகள் இவர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வெவ்வேறு மலைகளுக்குப் போன சகோதரர்களின் வம்சம் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள். தர்ஸ்டன் கதைகளையும் சடங்குகளையும் சேகரித்தார். கூடவே, அளவுக் கருவிகளை எடுத்துக்கொண்டு போய் மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். சராசரி கணக்கிட்டு அட்டவணை போட்டார். புகைப்படங்களில் மனிதர்கள் ஓர் இனத்தின் மாதிரியாக நிற்கிறார்கள், பெயரில்லை. அந்த நூல் இல்லாமல் இன்று பல விஷயங்கள் நமக்குத் தெரிந்திருக்காது என்பது உண்மை. அளக்கப்பட்டவன் அதில் அளவாகவே மிஞ்சினான் என்பதும் உண்மை.

காலண்டர் பார்வைக்கும் அளவுகோல் பார்வைக்கும் நடுவே 1937இன் ஓவியத்தை வைத்துப் பார்த்தால், அம்ரிதா என்ன செய்தார் என்பது விளங்கும். அழகுபடுத்தவில்லை, அட்டவணைப்படுத்தவும் இல்லை. அந்த மனிதர்களுக்குக் கான்வாஸில் ஒரு கௌரவமான கனத்தைக் கொடுத்தார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை புகழுரையாகிவிடும். ஓவியத்தின்மேல் சொல்லக்கூடிய குற்றச்சாட்டுகள் உண்டு. அவை லேசானவையும் அல்ல.

முதலாவது, தலைப்பு. 'தென்னிந்திய' என்பது வெளியிலிருந்து மட்டுமே சொல்லக்கூடிய சொல். சந்தைக்குப் போகிற எவனும் தன்னைத் தென்னிந்தியன் என்று நினைத்துக்கொண்டு நடப்பதில்லை. இவர்கள் எந்த ஊர்? திருவிதாங்கூரா, கொச்சியா, அன்று திருவிதாங்கூரோடு இருந்து 1956இல் சென்னை மாகாணத்தில் சேர்ந்த குமரிமுனைப் பக்கத்துத் தமிழர்களா? ஓவியம் சொல்லாது. தர்ஸ்டன் நூலின் தலைப்பிலும் இதே சொல்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, சோகம். இந்த மனிதர்கள் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை. கண்கள் தாழ்ந்தோ விலகியோ இருக்கின்றன. உதடுகள் மூடியிருக்கின்றன. இதைத் தென்னாட்டு ஏழைகளின் துயரம் என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் 1935இன் 'மூன்று பெண்க'ளிலும் இதே தாழ்ந்த கண். 'மலைப்பெண்க'ளிலும் இதே மௌனம். பஞ்சாபிலிருந்து குமரிவரை எல்லோருக்கும் ஒரே சோகம் இருக்க முடியாது. அது ஓவியருடைய சோகம். தன் இரு நாடுகளுக்கும் நடுவிலிருந்து அவர் கொண்டுவந்தது. அந்த மனிதர்கள்மேல் அது ஏற்றப்பட்டிருக்கிறது.

மூன்றாவதுதான் கடினமானது. முதலில் குறிப்பிட்ட வேலைக்காரர்கள். சிறுவயதிலிருந்தே இவருக்கு மாடலாக உட்கார்ந்தவர்களில் பலர், உட்கார மாட்டேன் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்கள். குடும்பத்துக்குக் கோரக்பூர் அருகே சரயாவில் நிலமும் சர்க்கரை ஆலையும் இருந்தன. 1938இல் தாய்வழி உறவினரும் டாக்டருமான விக்டர் ஈகனை மணந்தபின் அவர் வசித்ததும் அங்கேதான்; பின்னால் வரைந்த கிராமக் காட்சிகளில் பலவும் அங்கே பிறந்தவை. ஆக, உழைக்கும் உடலை அவர் எப்போதும் எஜமானர் வீட்டு வராந்தாவிலிருந்தே பார்த்தார் என்று சொல்லலாம். மௌனமாக இருக்கிறார்கள் என்று நாம் வியக்கும் அந்த மனிதர்கள், எஜமானியின் முன்னால் வாய் திறக்காமல் இருந்தவர்களாகவும் இருக்கலாம்.

பின்புலத்தை வைத்து ஓவியத்தைத் தள்ளிவிடுவது சுலபம். அப்படித் தள்ளும் முன் இன்னொரு ஓவியரை எதிரே நிறுத்திப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் ராபர்ட் ஹென்ரை. பிறந்தது 1865இல், சின்சினாட்டியில், ராபர்ட் ஹென்ரி கோசாட் என்ற பெயரில். தந்தை நெப்ராஸ்காவில் தன் குடும்பப் பெயரிலேயே ஒரு ஊரை உண்டாக்கியவர். 1882இல் ஒரு தகராறில் ஒருவரைச் சுட்டுவிட்டு அங்கிருந்து ஓடினார். குடும்பம் பெயர்களை மாற்றிக்கொண்டது. மகன் தன் நடுப்பெயரைக் குடும்பப் பெயராக்கி, எழுத்தைப் பிரெஞ்சு மாதிரி மாற்றி, உச்சரிப்பை மட்டும் அமெரிக்கத்தனமாக 'ஹென்ரை' என்று வைத்துக்கொண்டார். அவரும் பாரிஸில் படித்தவர்தான். 1908இல் நியூயார்க்கில் எட்டு ஓவியர்கள் சேர்ந்து நடத்திய புகழ்பெற்ற கண்காட்சிக்குத் தலைமையாக இருந்தவர் அவர். தெருப்பிள்ளைகள், அயர்லாந்துக் கிராமத்தார், 1916 முதல் சாந்தா ஃபேயில் செவ்விந்தியர்கள் என்று வாழ்நாள் முழுக்க அந்நியர்களையே வரைந்தார். அவருடைய மனிதர்கள் பெரும்பாலும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். பல ஓவியங்களின் தலைப்பு, உட்கார்ந்தவரின் பெயர்.

தன் பெயரை மறைத்துக்கொண்டு வாழ்ந்தவர் மற்றவர்களைப் பெயரோடு வரைந்தார் என்று இதற்கு ஒரு காரணகாரியம் கற்பிக்க ஆசையாக இருக்கிறது. அது கொஞ்சம் மலிவான ஆசை. உண்மையில் ஹென்ரையின் முகங்கள் பல, பார்வையாளனிடம் சிநேகம் கேட்கின்றன. சீக்கிரமே சிநேகமாகிவிடுகின்றன, அதற்குப் பிறகு அவற்றில் பார்க்க மிச்சம் அதிகமில்லை. பெயர் தெரியாத, கண் கொடுக்காத அம்ரிதாவின் மனிதர்களிடமோ நாம் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. பெயரும் நேர்ப்பார்வையும் ஜனநாயக குணங்கள்தாம். அவை மட்டுமே ஓவியத்தைக் காப்பாற்றிவிடுவதில்லை. தூரமும் அது மட்டுமே ஓவியத்தைக் கெடுத்துவிடுவதில்லை. அம்ரிதா தன் தூரத்தை மறைக்கவில்லை என்பதே முக்கியம். இவர்களை எனக்குத் தெரியும் என்று அந்தக் கான்வாஸ் எங்கும் பாசாங்கு செய்யவில்லை. தெரியாத மனிதர்களைத் தெரியாதவர்களாகவே, ஆனால் முழு கனத்தோடு, நிறுத்தியிருக்கிறது.

இனி, உள்ளூர்க்காரர்களாகிய நாம். சென்னையில் உழைக்கும் உடலுக்கு நாம் காட்டும் சின்னம், 1959இல் கடற்கரையில் வைக்கப்பட்ட 'உழைப்பாளர் சிலை'. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி; 1929 முதல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த வங்காளி. பாறையைப் புரட்டும் அந்த நான்கு பேரின் தசைகள் வீரகாவியத்துத் தசைகள். கூலிக்காரனின் இளைத்த உடம்பு அங்கே இல்லை. 1957இல் அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில் ஒரு பெரிய மலர்ச்சி ஏற்பட்டது. 1966இல் சோழமண்டலம் உருவாயிற்று. ஆனால் பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்குப் போனார். எழுத்தும் எண்ணும் கட்டமும் கான்வாஸை நிறைத்தன. மனித உருவம் மெல்லக் கரைந்தது. துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியைக் கறுப்புக் கோடுகளில் திரும்பத் திரும்ப வரைந்தபோது, ஒரு மெலிந்த இந்திய உடல் எவ்வளவு தாங்கும் என்று காட்டினார். பச்சைமலை அடிவாரத்து நிலத்தில் வளர்ந்த கை அது. அவரும் பின்னால் அரூப நிலக்காட்சிகளுக்கு நகர்ந்தார். எந்த ஓவியனையும் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. அவரவர் சிருஷ்டிக்கு அவரவர் நியாயம் உண்டு. பார்த்து முடிப்பதற்கு முன்பே நாம் உருவத்தைக் கடந்துவிட்டோம் என்று மட்டும் தோன்றுகிறது.

எழுத்தில் நிலைமை வேறு மாதிரி. நாம் மனிதர்களைப் பேசவைக்கிறோம். மலைக்காரனை எழுதினால் அவன் வாயில் நமது கோபத்தை வைக்கிறோம். அம்ரிதா தன் சோகத்தை ஏற்றியதாகக் குற்றம் சொல்கிற நாம், நம் கொள்கையை ஏற்றுகிறோம். நான்கு நாள் வெள்ளிமலையில் தங்கிவிட்டு வந்து அந்த மனிதர்களின் அகத்தை எழுதிவிட்டதாகச் சொல்வதில், சிம்லாவிலிருந்து வந்துபோன பெண்ணிடம் இல்லாத ஒரு அகங்காரம் இருக்கிறது. அவர் இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரத்தைக் கான்வாஸில் ஒப்புக்கொண்டார். நாம் ஐம்பது கிலோமீட்டர் தூரத்தை ஒப்புக்கொள்வதில்லை.

அந்த ஐம்பது கிலோமீட்டர் சாதாரணமானதும் அல்ல. கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களின் ஆதிக்கத்தில் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்று 29 வருஷம் கழித்து, 1976இல்தான் அந்த ஆதிக்கம் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதே 1976இல் மத்திய அரசு அம்ரிதாவின் ஓவியங்களை நாட்டை விட்டு வெளியே போகக்கூடாத தேசியக் கலைச்செல்வங்களாக அறிவித்தது. 1978இல் 'மலைப்பெண்கள்' தபால்தலையாகவும் வந்தது. இரண்டையும் முடிச்சுப்போட்டுக் குத்தல் பேசுவது என் நோக்கமில்லை. ஓவியத்தில் மலைப்பெண் தேசத்தின் சொத்தாக ஆன வருஷம்வரை, ஒரு மலையில் உண்மையான மலைப்பெண் ஜாகீரின் குடியாக இருந்தாள். இது வரலாறு. இங்கிருந்து பார்க்கும்போது இது தெரியாமல் போகாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு வாரம் எல்லாப் பத்திரிகைகளிலும் இந்த ஊர் முகங்கள் வந்தன. வாய் திறந்து கதறும் முகங்கள், நேராகக் காமிராவைப் பார்க்கும் முகங்கள். சாராயம் என்றதும் கல்வராயன் மலையின் பெயரும் அடிபட்டது. பிறகு நீதிமன்றமே மலைமக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரிக்க எடுத்துக்கொண்டது. அந்தப் புகைப்படங்கள் தேவையானவை. அவை இல்லாவிட்டால் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள். ஆனால் சாவு விழுந்தால்தான் ஒரு ஊருக்கு முகம் கிடைக்கும் என்றால், சாதாரண நாளின் முகத்துக்கு யார் பொறுப்பு? அம்ரிதாவின் ஓவியத்தில் சாவு இல்லை, கதறல் இல்லை, ஒரு சம்பவமும் இல்லை. சந்தைக்குப் போகிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சாதாரணத்துக்கு ஒரு பெரிய கான்வாஸைக் கொடுக்க 1937இல் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

அவர் 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில் இறந்தார். வயது 28. இன்னும் வாழ்ந்திருந்தால், அந்தக் கண்கள் ஏன் விலகியிருக்கின்றன என்பதற்கு வேறு விடை கண்டிருப்பாரோ என்னவோ.

எனக்கு ஒரு விடை இங்கே பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது. சந்தை முடிந்த ஒரு சாயங்காலம், காலிச் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மலைக்குப் போகும் பஸ்ஸுக்காக ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அதே தாழ்ந்த இமை, மூடிய உதடு, விலகிய கண். ஓவியத்தை நினைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துயரமா, மௌனமா, பெரிய மனிதர்கள் முன்னால் வாய் திறக்காத பழக்கமா என்று எனக்குள் சொற்கள் ஓடின. பிறகு அவர் பார்த்துக்கொண்டிருந்த திசையில் நானும் திரும்பிப் பார்த்தேன். பஸ் வர வேண்டிய பக்கம் அது.